மழை கொட்டும் ஊரிலும் தண்ணீர்ப் பஞ்சம்!



பல ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், ஐந்தாம் வகுப்பில் புவியியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "உலகிலேயே அதிகமாக மழை பெய்யும் இடம் எது?" என்று கேட்டேன். வகுப்பே ஒரே குரலில், "சிரபுஞ்சி!" என்றது.

கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன் மட்டும் எழுந்து நின்றான்.

"சார், அப்படின்னா அந்த ஊர்ல தண்ணிக் கஷ்டமே இருக்காதுல்ல? எங்க அம்மா மாதிரி யாரும் குடத்தைத் தூக்கிட்டு அலைய வேணாம்ல?" என்று கேட்டான்.

"ஆமாம்டா, அங்கே தண்ணீருக்கு என்ன குறை? உட்கார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

பிறகு அந்த ஊரைப் பற்றி நிறையப் படித்தபோதுதான் தெரிந்தது, நான் சொன்ன பதில் தவறு என்று! அன்று அவனுக்குச் சொல்லாமல் விட்டதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன். அதற்காக நாம் இரண்டு இடங்களுக்குப் போய்வர வேண்டும். ஒன்று, மழை கொட்டோ கொட்டென்று கொட்டும் இடம். இன்னொன்று, மழை என்றால் என்னவென்றே மறந்துபோன இடம். புறப்படலாமா?

மழைக்கும் ஓர் அளவுகோல்

புறப்படும் முன் ஒரு சின்னக் கணக்கு. "10 மி.மீ. மழை பெய்தது" என்று செய்திகளில் சொல்கிறார்களே, அதற்கு என்ன பொருள்?

பெய்த மழைநீர் எங்கும் ஓடிவிடாமல், மண்ணுக்குள் இறங்காமல், ஆவியாகாமல் தரையில் அப்படியே நின்றால் எவ்வளவு உயரம் நிற்குமோ, அதுதான் மழை அளவு. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள தரையில் 1 மி.மீ. மழை பெய்தால், அது சரியாக 1 லிட்டர் தண்ணீர்.

சென்னையில் ஓர் ஆண்டில் சராசரியாகப் பெய்யும் மழை சுமார் 1,400 மி.மீ. அதாவது, தண்ணீர் ஓடாமல் நின்றால் ஏறக்குறைய ஒரு பெரியவரின் தோள் உயரத்துக்கு நிற்கும். இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேகங்கள் தங்கும் ஊர்

நம் நாட்டின் வடகிழக்கில் இருக்கிறது மேகாலயா மாநிலம். 'மேகங்களின் இருப்பிடம்' என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். அங்கே காசி மலைகளில் சிரபுஞ்சி, மௌசின்ரம் என்று இரண்டு ஊர்கள் உள்ளன. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 15 கி.மீ. தூரம்தான். சிரபுஞ்சியை அந்த ஊர் மக்கள் 'சோரா' என்றுதான் அழைக்கிறார்கள்.

மௌசின்ரத்தில் ஓர் ஆண்டின் சராசரி மழை சுமார் 11,870 மி.மீ. சென்னையைப்போல எட்டு மடங்குக்கும் மேல்! தண்ணீர் நின்றால், மூன்று மாடிக் கட்டடம் முழுகிவிடும். சராசரி மழையில் சிரபுஞ்சியை விட மௌசின்ரம் கொஞ்சம் முந்திவிடுகிறது. ஆக, அன்று வகுப்பில் நான் சரியென்று ஏற்றுக்கொண்ட முதல் பதிலே முழுக்கச் சரியில்லை!

ஆனாலும் சிரபுஞ்சியின் சாதனைகள் சாமானியமானவை அல்ல. 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரையிலான 12 மாதங்களில் அங்கே 26,461 மி.மீ. மழை பதிவானது. உலகிலேயே 12 மாதங்களில் பெய்த அதிகபட்ச மழை இன்றுவரை இதுதான். 1995 ஜூன் மாதம் இரண்டே நாட்களில் 2,493 மி.மீ. கொட்டித் தீர்த்தது. அதுவும் உலக சாதனைதான்.

அண்மையில், 2022 ஜூன் 17 அன்று மௌசின்ரத்தில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 1,003.6 மி.மீ. சென்னையில் எட்டு ஒன்பது மாதங்களில் பெய்ய வேண்டியது, ஒரே நாளில்!

ஏன் இப்படிக் கொட்டுகிறது?

ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரைக் கொஞ்ச நேரம் மேசை மேல் வைத்துப் பாருங்கள். வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர்த்துளிகள் தோன்றும். டம்ளர் ஒழுகவில்லை. காற்றில் இருந்த நீராவிதான் குளிர்ச்சி பட்டதும் நீராக மாறிவிட்டது. மழையின் ரகசியமும் இதுதான்.

ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வங்காள விரிகுடாவிலிருந்து நீராவியைச் சுமந்துகொண்டு வடக்கே போகிறது. வங்கதேசத்தின் பெரும்பகுதி தட்டையான சமவெளி. தடுப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்தச் சமவெளியைக் கடந்ததும், திடீரென்று 1,300 மீட்டருக்கும் மேல் சுவர்போல எழுந்து நிற்கின்றன காசி மலைகள்.

காற்றுக்கு வேறு வழியில்லை, மேலே ஏறுகிறது. மேலே போகப் போகக் காற்று குளிரும். (ஊட்டி ஏன் குளிர்கிறது என்று உங்களுக்குத் தெரியுமே!) குளிர்ந்ததும் நீராவி மேகமாகி, மழையாகக் கொட்டுகிறது. மலைகளுக்கு நடுவே உள்ள ஆழமான பள்ளத்தாக்குகள், வரும் காற்றை எல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து குவிக்கின்றன. போதாதா?

வேர்களால் ஒரு பாலம்

இப்படிப்பட்ட மழையில் மக்கள் எப்படி வேலை செய்வார்கள்? ஒரு கையில் குடை பிடித்தால் வயலில் வேலை நடக்குமா?

காசி மக்கள் மூங்கிலாலும் இலைகளாலும் பின்னிய 'நுப்' என்ற மழைத் தடுப்பைத் தலையில் மாட்டிக்கொள்கிறார்கள். பார்ப்பதற்கு ஆமை ஓடுபோல இருக்கும். அது தலையையும் முதுகையும் மூடிக்கொள்ளும். இரண்டு கைகளும் வேலைக்கு!

அடுத்த சிக்கல், ஆறுகளைக் கடப்பது. மரத்தாலும் மூங்கிலாலும் பாலம் கட்டினால் ஓயாத மழையில் சீக்கிரமே உளுத்துப்போகும். அதனால் அவர்கள் பாலத்தைக் 'கட்டுவதில்லை', 'வளர்க்கிறார்கள்'!

ஆற்றங்கரையில் ஆலமரத்தின் உறவான ரப்பர் அத்தி மரத்தை நடுகிறார்கள். அதன் விழுதுகளைக் குடைந்தெடுத்த பாக்கு மரத் தண்டுகளின் வழியாக அக்கரைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே வேர் மண்ணைப் பற்றிக்கொள்ளும். வேரோடு வேர் பின்னிப் பாலமாக உறுதிப்பட 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மற்ற பாலங்கள் நாளாக நாளாகப் பலம் குறையும். இந்தப் பாலமோ நாளாக நாளாகப் பலம் கூடும்! நோங்ரியாட் என்ற ஊரில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு வேர்ப் பாலமே இருக்கிறது.

மரம் நட்ட தாத்தாவுக்கு நன்றாகத் தெரியும், உறுதியான பாலத்தில் ஓடி விளையாடப் போவது பேரன்தான் என்று. இருந்தும் நடுகிறார்!

ஆனாலும் குடம் சுமக்கிறார்கள்!

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். சிரபுஞ்சியில் தண்ணீர்க் கஷ்டம் இல்லையா?

இருக்கிறது. மழை முழுவதும் சில மாதங்களில் கொட்டிவிடுகிறது. ஜூலை மாதத்தில் மட்டும் சுமார் 3,000 மி.மீ. பெய்யும். டிசம்பர், ஜனவரி மாதங்களிலோ மிகச் சொற்பம். அப்போது ஊற்றுகள் வற்றும். குளிர்காலத்தில் பெண்களும் பிள்ளைகளும் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் இருக்கும் ஊற்றைத் தேடி மலைப்பாதையில் ஏறி இறங்குகிறார்கள். ஜூலையில் வெள்ளக்காடு, ஜனவரியில் குடத்துடன் வரிசை!

பெய்த நீர் எங்கே போனது? அங்கே நிலம் செங்குத்துச் சரிவு. விழுந்த மழை நிற்காமல் வங்கதேசத்துச் சமவெளிக்கு ஓடிவிடுகிறது. போகும்போது மேல் மண்ணையும் அரித்துக்கொண்டு போகிறது. மண் போனால் மிச்சம் பாறைதான். பல இடங்களில் அது சுண்ணாம்புப் பாறை. அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் நீர் நழுவிப் போய்விடுகிறது. மலைகளில் காடுகளை அழித்த இடங்களில் நிலைமை இன்னும் மோசம். மரமும் புல்லும் மண்ணும் சேர்ந்துதான் மழைநீரைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுக்குக் கொடுக்கும். பஞ்சை எடுத்துவிட்டால் நீர் எப்படித் தங்கும்?

இதற்கு மாறாக, அதே காசி மலைகளில் மாவ்ஃப்லாங் என்ற இடத்தில் பழைமையான புனிதக் காடு ஒன்று உண்டு. அங்கிருந்து ஓர் இலையைக்கூட எடுத்துச் செல்லக்கூடாது என்பது முன்னோர் வகுத்த விதி. அதனால் மரங்கள் அடர்ந்து, தரையில் இலைமக்கு மெத்தைபோலப் படிந்து கிடக்கிறது. மழையைப் பிடித்துவைக்கும் பஞ்சு இதுதான்!

மழை மறந்த பாலைவனம்

சரி, இப்போது உலகின் மறுபக்கத்துக்குப் போவோம். தென் அமெரிக்காவில் பசிபிக் பெருங்கடலை ஒட்டி, மிளகாய்போல நீண்டு மெலிந்த நாடு ஒன்று வரைபடத்தில் தெரிகிறதா? அதுதான் சிலி. அதன் வடபகுதியில் இருக்கிறது அட்டகாமா பாலைவனம்.

அங்கே அரிக்கா என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அந்த ஊரின் ஆண்டுச் சராசரி மழை எவ்வளவு தெரியுமா? 0.76 மி.மீ.! அப்பாவிடம் இருக்கும் ஏ.டி.எம். கார்டை வாங்கி அதன் தடிமனைப் பாருங்கள். அவ்வளவுதான் ஓர் ஆண்டு மழை! 1903 அக்டோபர் முதல் 1918 ஜனவரி வரை, அதாவது 14 ஆண்டுகளுக்கும் மேலாக, அந்த ஊரில் ஒரு சொட்டு மழைகூடப் பதிவாகவில்லை. அந்தக் காலத்தில் அங்கே பிறந்த ஒரு குழந்தை, எட்டாம் வகுப்பு முடிக்கும் வயதில்தான் முதன்முதலாக மழையைப் பார்த்திருக்கும்!

இதில் வேடிக்கை என்னவென்றால், அரிக்கா கடற்கரை ஊர். அலை வந்து மோதுகிறது. காற்றில் ஈரம் இருக்கிறது. வானில் மேகமும் வரும். மழை மட்டும் வராது. ஏன்?

காரணங்கள் மூன்று.

ஒன்று, கிழக்கே வானளாவ நிற்கும் ஆண்டிஸ் மலைத்தொடர். அமேசான் காடுகளின் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று மலையின் மறுபக்கத்திலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் 'மழை மறைவுப் பகுதி'.

இரண்டு, மேற்கே கடலில் தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் என்ற குளிர்ந்த நீரோட்டம். அது கடலை ஒட்டிய காற்றைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, மேலே ஏறாது. ஏறாத காற்று மழை தராது.

மூன்று, அந்தப் பகுதியில் வானத்தின் மேலிருந்து காற்று கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு மூடிபோல அமுக்கி, மேகத்தை உயர விடாமல் செய்கிறது.

காசி மலையில் காற்று மேலே ஏறியது, கொட்டியது. இங்கே காற்றை ஏற விடுவதில்லை, பெய்யவில்லை. பார்த்தீர்களா, ஒரே விதி இரண்டு ஊர்களிலும் வேலை செய்கிறது!

மழையில்லாததால் சில நன்மைகளும் உண்டு. வானம் தெளிவாக இருப்பதால், சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் 66 பெரிய அலைவாங்கிகள் கொண்ட 'ஆல்மா' தொலைநோக்கி நிலையத்தை அங்கே அமைத்திருக்கிறார்கள். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த சின்சோரோ மக்கள் பதப்படுத்தி வைத்த உடல்கள் இன்றும் கெடாமல் கிடைக்கின்றன. அவை எகிப்து மம்மிகளை விடப் பழைமையானவை!

மூடுபனிக்கு வலை!

கடலில் உருவாகும் மேகம் உயர முடியாமல், மூடுபனியாகக் கரைக்கு வந்து மலைகளில் மோதுகிறது. இதை 'கமன்சாக்கா' என்கிறார்கள். முகத்தில் ஈரமாகப் படும். ஆனால் மழையாக விழாது.

"விழாவிட்டால் என்ன? மீனைப் பிடிப்பதுபோல வலை போட்டுப் பிடிப்போம்!" என்று நினைத்தார்கள் சிலி நாட்டு அறிஞர்கள்.

அட்டகாமாவின் தெற்கு ஓரத்தில் சுங்குங்கோ என்ற சிறிய மீனவக் கிராமம். சுமார் 300 பேர் வசித்தார்கள். குடிநீர் லாரியில்தான் வரவேண்டும். ஊருக்கு மேலே எல் டோஃபோ என்ற மலை. அதன் முகட்டில் கம்பங்கள் நட்டு, பெரிய பெரிய வலைகளைக் கட்டினார்கள். நம் ஊர் நாற்றங்கால்களில் வெயிலுக்குக் கட்டுகிறார்களே நிழல் வலை, அதைப் போன்றதுதான். மூடுபனி வலையைக் கடக்கும்போது நுண்துளிகள் இழைகளில் ஒட்டும், சேர்ந்து பெரிதாகும், வழிந்து அடியில் உள்ள குழாயில் விழும். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

ஒவ்வொரு வலையும் 48 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 3 லிட்டர் கிடைத்தது. அப்படியானால் ஒரு வலைக்கு எத்தனை லிட்டர்? கணக்குப் போட்டுவிட்டீர்களா? 144 லிட்டர்! 1992-இல் மலையிலிருந்து கிராமத்துக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது. வீட்டு வாசலில் காய்கறித் தோட்டம் போட்டார்கள். கிராமம் பசுமையானது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மலைக்காற்றில் வலைகள் கிழிந்தன. கிழிந்ததைத் தைக்க வேண்டும்; குழாயைக் கழுவ வேண்டும்; செலவுக்குப் பணம் வேண்டும். அந்தப் பராமரிப்பு தொடர்ந்து நடக்கவில்லை. பத்து ஆண்டுகளில், சுமார் 2002-இல், வலைகள் கைவிடப்பட்டன. சுங்குங்கோவுக்கு மீண்டும் லாரித் தண்ணீர் வந்தது.

ஆனால் அந்த யோசனை சாகவில்லை. ஆப்பிரிக்காவில் மொராக்கோ நாட்டின் பூத்மெஸ்கிடா மலையில், இன்னும் உறுதியான வலைகளைக் கட்டி, 2015 முதல் மலைக் கிராமங்களுக்குக் குடிநீர் தருகிறார்கள். முன்பு தண்ணீருக்காகப் பல மணி நேரம் நடந்த பெண்களுக்கு இப்போது வீட்டிலேயே குழாய்!

பாலைவனத்தில் வெள்ளம்

மழையே இல்லாத இடத்தில் வெள்ளம் வருமா? வந்தது! 2015 மார்ச் மாதம் சிலியின் வடபகுதியில் திடீர் மழை. நம் ஊரில் ஒருநாள் நல்ல மழை என்போமே, அந்த அளவுதான். ஆனால் அங்கே நீரைப் பிடித்துக்கொள்ள மரமும் இல்லை, புல்லும் இல்லை. மண் இறுகிக் கிடந்தது. நீரும் சேறும் பெருக்கெடுத்து ஊர்களுக்குள் புகுந்தன. பலர் உயிரிழந்தனர்.

அதே ஆண்டில் இன்னோர் அதிசயமும் நடந்தது. பல ஆண்டுகளாக மண்ணுக்குள் உறங்கிக்கிடந்த விதைகள் முளைத்து, பாலைவனத்தின் ஒரு பகுதி இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக் குலுங்கியது! 2017-இலும் இப்படிப் பூத்தது. இதை அங்குள்ளவர்கள் 'பூக்கும் பாலைவனம்' என்கிறார்கள்.

நீங்களும் அளக்கலாம்

அடுத்த மழைக்கு நீங்களே மழைமானி செய்யுங்கள். அடியிலிருந்து மேல்வரை ஒரே அகலமாக உள்ள, தட்டையான அடிப்பாகம் கொண்ட கண்ணாடிப் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பகுதி குறுகியிருக்கக் கூடாது. மரமோ கூரையோ மறைக்காத திறந்த வெளியில், காற்றில் சாயாதபடி வையுங்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு, உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து நோட்டில் எழுதுங்கள். நம் வானிலைத் துறையும் காலை எட்டரை மணிக்குத்தான் கணக்கெடுக்கிறது. இடி, மின்னல் இருக்கும்போது மட்டும் வெளியே போகக்கூடாது.

பிறகு ஒரு கணக்கு. உங்கள் வீட்டு மொட்டை மாடி 100 சதுர மீட்டர் என்றால், 10 மி.மீ. மழையில் எவ்வளவு தண்ணீர் விழும்? 1,000 லிட்டர்! 15 லிட்டர் குடத்தில் 66 குடத்துக்கும் மேல். அவ்வளவும் எங்கே போகிறது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். தொட்டிக்கா, மண்ணுக்கா, சாக்கடைக்கா?

அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் இப்போது பெரியவனாகி எங்கோ வேலை பார்த்துக்கொண்டிருப்பான். அவனுடைய பிள்ளையே இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் அப்பாவிடம் சொல்லிவிடு கண்ணா:

"அப்பா, உங்க சார் அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டாராம். சிரபுஞ்சியிலும் குடம் தூக்குறாங்களாம். மழை எவ்வளவு பெய்யுதுங்கிறதை விட, அதுல எவ்வளவு பிடிச்சு வைக்கிறோம்ங்கிறதுதான் முக்கியமாம்!"